மாணவர்களோடு வெளிநாடு போகும் செஸ் பயிற்சியாளரின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

வயது இருபத்தொன்பது, ஐடி வேலை, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் (ஆட்டத் திறனுக்கான புள்ளி) 1870, சனி ஞாயிறுகளில் அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயிற்சியாளர் ஆகலாமா, மாணவர்களோடு வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போவது எப்படி இருக்கும், ஊரில் இருக்கும்போது அன்றாடம் எப்படி ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சியாளர்கள் புடாபெஸ்டிலும் பார்சிலோனாவிலும் நின்று போடும் படங்களைப் பார்த்தால் 'இதுவல்லவா வாழ்க்கை' என்று தோன்றுவதாகப் போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அதுதான் நிஜமான கேள்வி என்று படுகிறது. அந்தப் பயணங்கள் இந்தத் தொழிலின் பலனா, செலவா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. செலவு என்பது என் பதில். ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று உங்களுக்குத் தெரியும். போரூரில் எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறேன். மாநில அளவில் ஆடியவள். பெரிய பட்டம் எதுவும் கிடையாது. ஃபிடே இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் மட்டும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வேலை, இப்போது என் பையனே பத்தாம் வகுப்பு. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆறிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள் அதிகம். அவர்களோடுதான் வெளிநாடு போயிருக்கிறேன். கிராண்ட்மாஸ்டர்களைத் தயார் செய்யும் பயிற்சியாளர்களின் உலகம் வேறு. அதைப் பற்றி நான் பேசினால் கேள்வி ஞானமாகத்தான் இருக்கும், அதனால் பேசவில்லை.

பிள்ளைகளை ஏன் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகிறோம்? இதில் உறுதியான பகுதி ஒன்று உண்டு. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு மூன்று நார்ம் வேண்டும், ரேட்டிங் 2500ஐத் தொட வேண்டும். ஒரு நார்ம் என்றால் பொதுவாக ஒன்பது சுற்றுப் போட்டியில் 2600 ரேட்டிங் உள்ளவர் அளவுக்கு ஆட வேண்டும். எதிராளிகளில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்கள். எதிராளிகள் எல்லோரும் ஒரே நாட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2450, பெண்களுக்கான இன்டர்நேஷனல் மாஸ்டருக்கு 2250 என்று அளவு இறங்கும், விதியின் அமைப்பு அதேதான். ஒரே இடத்தில் பல நாட்டுக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் குறைந்த செலவில் கூடுவது ஐரோப்பாவில்தான் அதிகம். புடாபெஸ்டில் 'ஃபர்ஸ்ட் சாட்டர்டே' என்று ஒரு போட்டி, மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கும். நார்ம் தேடுகிறவர்களுக்காகவே வைத்தது போலிருக்கும். கோடையில் பார்சிலோனாவைச் சுற்றி ஒன்று முடிந்தால் அடுத்தது என்று, யாரும் சேரக்கூடிய ஓப்பன் போட்டிகள் வரிசையாக நடக்கும். பிரக்ஞானந்தா கிராண்ட்மாஸ்டர் ஆனது 2018இல் இத்தாலியின் ஓர்ட்டிசேயில். வைஷாலி 2500ஐத் தாண்டியது 2023 டிசம்பரில் ஸ்பெயினில்.

இதைக் கேட்டுவிட்டுப் பெற்றோர் 'அப்படியானால் என் பெண்ணையும் அனுப்பிவிடலாமா' என்பார்கள். இங்கிருந்து சந்தேகமான பகுதி. ஆனந்த் தன் கடைசி நார்மை எடுத்தது 1987இல் கோயம்புத்தூரில். குகேஷ் முடித்தது 2019 ஜனவரியில் டெல்லியில். வெளிநாடு போனால்தான் பட்டம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நார்ம் எட்டும் தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வெளிநாடு அவசியமாகலாம். 1500 ரேட்டிங் உள்ள பிள்ளைக்கு என்ன அவசியம்? என் கணக்கில், 1800ஐத் தொடாத பிள்ளைக்குச் சேலம், ஈரோடு, திருச்சியில் நடக்கும் ஓப்பனே போதும்; அங்கே எதிரில் வந்து உட்காரும் ஒன்பது வயதுப் பையன் ஐரோப்பாவில் கிடைக்கும் பல எதிராளிகளைவிடக் கடினமானவன். நம் ஊர்ப் பிள்ளைகளின் ரேட்டிங் அவர்கள் திறமைக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அங்கே உள்ள ஐம்பது வயது ஆட்டக்காரரின் ரேட்டிங் பல வருடம் ஒரே இடத்தில் நிற்கும். அதனால் புள்ளி எடுக்க வெளிநாடு நல்லது என்று ஒரு கட்சி. என் மாணவிகள் சிலருக்கு அது பலித்தது, சிலர் போனதைவிடக் குறைந்து திரும்பினார்கள். இதை வைத்து யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன், நீங்களும் கொடுக்காதீர்கள்.

பயணம் விமானத்தில் தொடங்குவதில்லை, விசாவில் தொடங்குகிறது. செர்பியாவுக்கு இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் போய்வரலாம் என்று ஒரு பொற்காலம் இருந்தது. 2023 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் நார்ம் தேடும் சென்னைப் பிள்ளைகள் செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்குப் போவது சர்வ சாதாரணம். இப்போது பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாதான். போட்டி நடத்துபவரின் அழைப்புக் கடிதம், பெற்றோரின் வங்கிக் கணக்கு, பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் அப்பா அம்மா இருவரின் சம்மதமும் வேண்டும். பயிற்சியாளரோடு அனுப்புகிறோம் என்று நோட்டரி கையெழுத்து வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் நிம்மதி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் கோடை விடுமுறைக்கு விசா மையத்தில் நாள் கிடைப்பதுதான் பாடு. நான்கு பிள்ளைகள் விண்ணப்பித்து மூன்று பேருக்குக் கிடைத்து ஒருத்திக்கு மறுத்துவிட்டால், அந்த வீட்டுக்கு ஃபோன் செய்ய வேண்டியது நீங்கள்தான். எந்தப் பயிற்சியாளர் படிப்பிலும் இதற்குப் பாடம் கிடையாது.

போய்ச் சேர்ந்த பிறகு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். பார்சிலோனா பக்கத்து ஓப்பன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்று மாலை நாலரைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் அவர்களுக்கும் நமக்கும் மூன்றரை மணி வித்தியாசம். அங்கே நாலரை என்றால் பிள்ளையின் உடம்புக்கு இரவு எட்டு மணி. நாற்பது நகர்த்தலுக்குத் தொண்ணூறு நிமிடம், பிறகு அரைமணி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதல். ஆட்டம் சூடுபிடித்து, கடைசிக் கட்டமான எண்ட்கேமுக்கு வரும்போது அங்கே மணி எட்டரை, சென்னையில் நள்ளிரவு. முதல் மூன்று நாளில் நம் பிள்ளைகள் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை நான்காவது மணி நேரத்தில் கோட்டை விடுவதற்குப் பாதிக் காரணம் செஸ் இல்லை, தூக்கம். அதே பிள்ளை விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து 'மிஸ், பசிக்குது' என்று வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது: புறப்படும் முன் ஒரு வாரம், தினம் அரைமணி அரைமணியாகத் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போட வேண்டும். பள்ளி வேன் காலை ஆறே முக்காலுக்கு வந்து நிற்கும் ஊரில் இதை எத்தனை வீட்டில் செய்ய முடியும் என்பது வேறு விஷயம்.

அடுத்த சுற்றில் யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் முந்தைய இரவே வந்துவிடும். வந்ததும் எதிராளியின் பெயரைத் தரவுத்தளத்தில் தேடுவோம். பெரிய ஆட்டக்காரர் என்றால் நூற்றுக்கணக்கில் ஆட்டங்கள் இருக்கும். பிள்ளை என்றால் நான்கைந்து இருந்தாலே அதிகம். காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அவர் வழக்கமாக ஆடும் ஓபனிங்குக்கு (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களுக்கு) எதிராக ஒரே ஒரு வழியை மட்டும் தயார் செய்வோம். மூன்று வழி சொல்லிக்கொடுத்தால் பலகை முன்னால் மூன்றும் குழம்பும். தயாரிப்பு எவ்வளவு பலன் தருகிறது? உண்மையைச் சொன்னால், பத்து வயதில் பெரிதாக ஒன்றுமில்லை. எதிராளி ஆறாவது நகர்த்தலிலேயே வேறு பக்கம் போய்விடுவார். ஆனால் 'மிஸ் பார்த்துக் கொடுத்திருக்கிறார்' என்ற தைரியத்தோடு உள்ளே போவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு சுற்று என்றால் தயாரிப்பும் கிடையாது, தைரியமும் கிடையாது. சாப்பாட்டுக்கு நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

சாப்பாடு என்றதும் சொல்ல வேண்டும். பெட்டியில் முதலில் போவது எலக்ட்ரிக் ரைஸ் குக்கர். ஐரோப்பாவிலும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றி ஒன்று இருந்தால் போதும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் ரவை. பிரக்ஞானந்தாவின் அம்மா வெளிநாட்டுக்குச் சமையல் சாமானோடு போவதைப் பத்திரிகைகள் வியந்து எழுதின; செஸ் வீடுகளில் அது வியப்பே இல்லை. நான் அறைக்குப் பதிலாக அடுப்படி உள்ள வீடாகத்தான் எடுப்பேன். மதியம் ஒன்றரைக்குச் சூடாகத் தயிர் சாதம் சாப்பிட்ட பிள்ளை நான்கு மணி நேரம் உட்காரும். ஹோட்டல் சாண்ட்விச்சைப் பாதியில் வைத்துவிட்டு வந்த பிள்ளை உட்காராது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் 27 முதல் ஜனவரி 5 வரை நடக்கும் ரில்டன் கோப்பைக்குப் போகிறவர்கள் ஒரு மிளகு ரசப் பொடியையும் சேர்த்துக்கொள்ளலாம். பிற்பகல் மூன்று மணிக்குச் சூரியன் மறையும் ஊரில் பிள்ளைகளின் முகம் வாடுவதற்கு மருந்து அதுதான். இது என் அனுபவ வைத்தியம், மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

பிள்ளை உள்ளே போனபின் பயிற்சியாளருக்கு வேலை இல்லை. வாசலில் மெட்டல் டிடெக்டர், ஃபோன் உள்ளே போகக் கூடாது, பல இடங்களில் கைக்கடிகாரமும் கூடாது. முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் நேரலையாக வருவது மேல்வரிசைப் பலகைகள்தான். எங்கள் பிள்ளைகள் எண்பதாவது பலகையில் இருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நான்கு மணி நேரம் வராந்தாவில் நிற்பதுதான் வெளிநாட்டுப் பயணத்தின் பெரும்பகுதி. வெளியே வருகிற பிள்ளையின் நடையிலேயே முடிவு தெரிந்துவிடும். தோற்றுவிட்டு வந்தால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஆட்டத்தை உடனே கணினியில் போட்டுப் பார்ப்பதும் கிடையாது. 'இங்கே +3 இருந்தது, விட்டுட்டியே' என்று, கணினி காட்டும் முன்னிலையை வைத்து, பிளேட்டைத் தூக்கும் முன்பே சொல்லும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அடுத்த சுற்றில் டிரா கேட்டு ஓடிவரப் பார்ப்பார்கள். முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், மறுநாள் காலை கணினி இல்லாமல் பிள்ளையே ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். கணினி அதற்குப் பிறகு.

ஊர் சுற்றிப் பார்ப்பதைப் பற்றி: ஒன்பது நாள், ஒன்பது சுற்று, கடைசி நாள் பரிசளிப்பு, அன்றிரவே விமானம். உலக இளையோர் போட்டி போன்றவற்றில் நடுவில் ஒரு ஓய்வு நாள் வரும். அன்று பிள்ளைகளுக்குத் துணி துவைக்க வேண்டும். புடாபெஸ்டில் செச்செனி வெந்நீர்க் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெரியவர்கள் செஸ் ஆடுவார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்ததால் போனோம். அதைப் பார்த்துவிட்டு எனக்குத் தோன்றியது வேறு. அங்கே ஆடுகிறவர்கள் யாருக்கும் ரேட்டிங் கவலை இல்லை. பெல்கிரேடின் கலேமெக்தான் பூங்காவிலும் அப்படித்தான், ஓய்வுபெற்ற தாத்தாக்கள் பெஞ்சில் பலகை விரித்து உட்கார்ந்திருப்பார்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் கூட வாயை மூட மாட்டார்கள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவில் பேட்டைக்கு ஒரு கிளப்; எழுபது வயது தச்சரும் பதினோரு வயதுச் சிறுமியும் ஒரே அணியில் லீக் ஆடுவார்கள். நம்மிடம் செஸ் என்றால் பிள்ளைகளுக்கான வகுப்பு என்று ஆகிவிட்டது. முன்பு இப்படி இல்லை. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் முன்னின்று நடத்திய மிகயில் தால் கிளப் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்தது. ஜெயித்தவர் உட்காருவார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்பார். ஆனந்த் சிறுவனாகப் பெரியவர்களோடு, சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆடிப் பழகியது அங்கேதான். பயணங்களால் என் வகுப்பில் மாறியது ஒன்று உண்டென்றால் இதுதான்: எங்கள் தெருவில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற இரண்டு பேர் வெள்ளிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். பிள்ளைகள் அவர்களிடம் கற்றுக்கொள்வது ஓபனிங் இல்லை. தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே 'இன்னொரு ஆட்டம் போடலாமா' என்று கேட்பதை.

இனி பணம். நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து போனால், பெற்றோர் பயிற்சியாளரின் விமானச் செலவையும் தங்கும் செலவையும் பங்கிட்டுக்கொள்வார்கள், அதற்குமேல் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் ஊரில் வகுப்பு இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நான் காலை ஐந்தரைக்கு எடுக்கும் ஆன்லைன் வகுப்பு பார்சிலோனாவில் இரவு இரண்டு மணி. எடுத்துப் பார்த்தேன், உடம்பு தாங்கவில்லை. திரும்பி வந்து கூட்டிக் கழித்தால் கை நஷ்டம் இல்லாமல் தப்பித்தால் நல்ல பயணம். தேசியப் போட்டியில் முன்னணி இடம் பிடித்துத் தேர்வாகும் பிள்ளைகளோடு அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் சார்பில் போகும் பயிற்சியாளர் நிலைமை வேறு. அந்த அழைப்பு உங்களுக்கும் எனக்கும் வராது.

அப்படியானால் பிழைப்பு எங்கே? ஊரில்தான். என் நாள் காலை நாலரைக்குத் தொடங்கும். ஐந்தரைக்கு நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு வகுப்பு, அவர்களுக்கு முந்தின நாள் இரவு எட்டு. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது என் சமையல் நேரமும் மாறும். மாமியார் இன்னும் இதற்காக அமெரிக்காவை மன்னிக்கவில்லை. எட்டு மணிக்குள் டிபன், மதியச் சாப்பாடு, பையனைக் கிளப்புவது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை வீட்டுப்பாடம் திருத்துவேன்: பிள்ளைகள் எழுதி அனுப்பிய ஆட்டக் குறிப்புகள், புதிர்கள், அடுத்த வகுப்புக்கான நிலைகள். மதியம் ஒரு தூக்கம், இதில் சமரசம் கிடையாது. மூன்று மணிக்குப் பக்கத்துப் பள்ளியில் வகுப்பு, முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகள், சுவரில் மாட்டிய காந்தப் பலகை. காணாமல் போன சிப்பாய்க்குப் பதில் பென்சில் சீவி. ஐந்தரையிலிருந்து எட்டு வரை மாடியில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது பள்ளி மண்டபத்தில் போட்டி. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறுக்கு வருவேன், பெற்றோர் மரத்தடியில் பாய் விரித்துப் புளிசாதத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். என் வருமானத்தின் முதுகெலும்பு, யானை எப்படி நகரும் என்று இன்னும் தடுமாறுகிற ஏழு வயதுப் பிள்ளைகள்தான். அவர்களுக்குச் சொல்லித் தருவதில் உங்களுக்குச் சலிப்பு வருமானால் இந்தத் தொழில் வேண்டாம். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், தனி வகுப்புக்கு மணிக்குச் சில நூறில் தொடங்கி, பட்டம் பெற்றவர் என்றால் ஆயிரங்களுக்குப் போகும். உங்கள் பகுதியில் நான்கு பேரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருமானம் அலைபோல ஏறி இறங்கும். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது என் மாடியில் உட்கார இடமில்லை. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது மறுபடி ஃபோன் ஓயவில்லை. ஆறு மாதத்தில் கூட்டம் கரையும். அதைவிட உறுதியான இழப்பு ஒன்பதாம் வகுப்பு முடிவில் வரும்: அடுத்த வருடம் பொதுத்தேர்வு, 'மிஸ், டென்த் முடிஞ்சதும் வந்துடுவா' என்பார்கள். நான் பார்த்தவரை திரும்பி வருகிறவர்கள் சொற்பம். நன்றாக ஆடுகிற பிள்ளையோ வேறு காரணத்துக்காகப் போய்விடும்: உங்களைவிட வலுவான பயிற்சியாளர் தேவைப்படும். அந்த நாளைப் பெற்றோர் சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடுவது மரியாதை. உங்கள் 1870க்கு, ஒரு பிள்ளையை 1600 வரை கொண்டுபோக முடியும் என்று நம்பிக்கையாகச் சொல்வேன். அதற்குமேல் பிள்ளையைப் பொறுத்தது, உங்கள் படிப்பைப் பொறுத்தது. (2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஃபிடே உயர்த்திவிட்டது, உங்கள் 1870 அந்த உயர்வுக்கு முன்பு என்னவாக இருந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) சான்றிதழ் வேண்டும் என்றால் ஃபிடேயில் டெவலப்மென்டல் இன்ஸ்ட்ரக்டர் தொடங்கி சீனியர் டிரெய்னர் வரை ஐந்து படிகள் உண்டு. பள்ளி நிர்வாகங்கள் அதைக் கேட்கும், பெற்றோர் கேட்க மாட்டார்கள். பெற்றோர் கேட்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு நாளில் கோப்பை வாங்கியது என்று.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவது செஸ் வேலை இல்லை, பொறுப்பு. அம்மாக்கள் என்னைத் தேடி வருவதற்கு என் ஆட்டம் காரணமில்லை, நான் ஒரு பெண் என்பதுதான் காரணம். அது எனக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் ஆண் பயிற்சியாளர். மாணவரோடு ஒரே அறையில் தங்காதீர்கள், பையனாக இருந்தாலும். குழுவில் ஒரு பெற்றோராவது உடன் வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அறையில் ஆட்டம் பார்க்கும்போது கதவு திறந்திருக்கட்டும். பாஸ்போர்ட்டின் நகல், மருந்துக் குறிப்பு, ஒவ்வாமை, இந்தியத் தூதரகத்தின் எண் எல்லாம் தாளில் எழுதி உங்கள் பையில் இருக்கட்டும். காய்ச்சல் வந்த பிள்ளையை ஆட்டத்துக்கு அனுப்பலாமா என்ற முடிவை யார் எடுப்பது என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நள்ளிரவில் ஃபோனை எடுக்கும் அப்பா 'ஆடட்டும் சார், இவ்வளவு செலவு பண்ணிட்டோம்' என்றுதான் சொல்வார்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் இன்னும் போகிறேன்? வகுப்பில் ஒரு பிள்ளையை எத்தனை வருடம் பார்த்தாலும் தெரியாத ஒன்று அங்கே ஒன்பது நாளில் தெரிந்துவிடும். தோற்ற மறுநாள் காலை யார் தானாக எழுந்து பலகையை எடுக்கிறாள், யார் ஜெயித்த அன்றும் முகம் தொங்கி இருக்கிறாள், யார் அம்மாவுக்காக ஆடுகிறாள் என்று. அதைத் தெரிந்துகொண்டு திரும்பிய பிறகு அந்தப் பிள்ளைக்கு நான் எடுக்கும் வகுப்பு மாறுகிறது. சிலரிடம் போட்டியையே குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இதற்காகவா இவ்வளவு செலவு என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. திருச்சியில் நான்கு நாள் தங்கி ஆடும் போட்டியிலும் இதில் பாதி தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை இப்போதே விடாதீர்கள். முதலில் உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் வெளியூர்ப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது, விடுப்பு எடுத்துக்கொண்டு உதவியாளராகக் கூடவே போங்கள். நான்கு நாள் வராந்தாவில் நிற்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். வெளிநாட்டில் ஆன்லைன் மாணவர்கள் ஓரிருவரை இப்போதே பிடித்து, அலுவலகத்துக்குப் போகும் முன் காலை வகுப்பு எடுத்துப் பழகுங்கள். கணக்குப் போடும்போது மே மாதத்தை வைத்துப் போடாதீர்கள். கோடை முகாமில் எல்லாப் பயிற்சியாளரும் பணக்காரர்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் கராத்தேக்கோ கீபோர்டுக்கோ போயிருப்பார்கள். காலாண்டுத் தேர்வு நடக்கும் செப்டம்பரில் எத்தனை பேர் வகுப்புக்கு வருகிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை வைத்து வீட்டு வாடகையும் கடன் தவணையும் கட்ட முடியுமென்றால், அக்டோபரில் ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி யோசிக்கலாம்.